இரண்டு ஆம்ப், ஒரு கிடார்

ட்ரெபிள் குமிழை இன்னும் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம். ஐந்தில் இருக்கிறது, நாலுக்குக் கொண்டுவரலாம், நாலிலும் சரிப்படாவிட்டால் மூன்று, மூன்றுக்குக் கீழே போனால் கிடார் கம்பளிக்குள் படுத்துக்கொள்ளும் என்று தெரியும், தெரிந்தும் கை போகிறது, ஏனென்றால் இந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை, பிடிக்காதது மட்டுமில்லை, பயமாகவும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி, பெரம்பூரில் என் வீட்டு மொட்டைமாடிப் பதிவு அறை, சுவரெல்லாம் முட்டை அட்டை, மேலே ஆஸ்பெஸ்டாஸ், சத்தம் மைக்கில் விழும் என்று ஃபேனைப் போடவில்லை, ஐம்பத்திரண்டு வயதில் பனியன் நனைந்து உட்கார்ந்திருக்கிறேன், எதிரே இரண்டு ஆம்ப், கிடார் சத்தத்தைப் பெரிதாக்குகிற பெட்டிகள். இடது பக்கம் சாம்பல் நிறப் பெட்டி, என்னுடையது. வலது பக்கம் கறுப்புப் பெட்டி, தங்கச்சி பெர்னதெத்துடையது. தனித்தனியாகப் போட்டால் இரண்டிலும் குறை சொல்ல முடியாது. என்னுடையதில் தொண்டை இருக்கிறது, கோபக்கார ஆள் அடக்கிப் பேசுகிற மாதிரி லேசாகக் கரகரக்கும். அவளுடையதில் நெஞ்சு இருக்கிறது, தடித்த தந்தியைத் தொட்டால் தரை வழியாகக் காலுக்கு வரும். நாளைக்குப் பதிவு செய்ய வருகிற காலேஜ் பேண்டுக்காரர்கள், "அண்ணா, ராக்குதான், ஆனா குத்தக் கூடாது, வார்மா இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வார்ம் என்றால் என்ன என்று கேட்டால் கையை நெஞ்சில் வைத்துக் காட்டுவார்கள், முப்பது வருஷமாக இதே வேலையில் இருக்கிற எனக்கும் அப்படித்தான் காட்டத் தெரியும். அதற்கு ஒரு வழி, ஒரே கிடாரை இரண்டு ஆம்புக்கும் பிரித்துக் கொடுப்பது. கிடாரிலிருந்து வருகிற ஒயர் காலடியில் இருக்கிற சின்னப் பெட்டிக்குள் போய், இரண்டாகப் பிரிந்து, இதற்கு ஒன்று அதற்கு ஒன்று போகும். தொண்டையும் நெஞ்சும் சேர்ந்தால் முழு ஆள் வரவேண்டும். சேர்த்தேன். வந்தது தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட கொசு. இரண்டையும் சேர்த்தால் ஒன்றைவிடக் குறைவாக வருகிறது, இது என்ன கணக்கு.

ஒயராக இருக்கும். மாற்றினேன், இல்லை. காலடிப் பெட்டியாக இருக்கும், வேறு ஒன்று அலமாரியில் இருந்தது, அதையும் போட்டேன், இல்லை. பெட்டிகளை நெருக்கி வைத்தேன், தள்ளி வைத்தேன், அவளுடையதைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன், பாஸை எட்டு வரைக்கும் ஏற்றினேன், எட்டுக்கு ஏற்றினாலும் ஏற்றினது தெரியவில்லை, எங்கேயோ போய்ச் சேர்ந்துவிடுகிறது. கீழ் வீட்டில் யாரோ குக்கரை இறக்குகிறார்கள். ஆம்புக்குள் வால்வு சூடாகி அதன்மேல் படிந்த தூசு கருகுகிற வாசனை வருகிறது, இந்த வாசனை எனக்குச் சின்ன வயதிலிருந்து பிடிக்கும், இன்றைக்குப் பிடிக்கவில்லை. நாலரைக்கு பெர்னா வருவாள். இந்தக் கறுப்புப் பெட்டியை அவள் சிரிலுடைய ஸ்கூலுக்குக் கொடுக்கப்போகிறாள், பெட்டியோடு கிடாரையும் சேர்த்து. நான் இப்போது மடியில் வைத்துக்கொண்டிருப்பதும் அவளுடைய கிடார்தான். "வீடு மாத்தறோம்ணா, பரண்மேல கெடந்து என்ன ஆகப்போகுது, பசங்களாவது தொட்டுப் பாக்கட்டும், குடுக்கறதுக்கு முன்னாடி ஒருவாட்டி செக் பண்ணிடு" என்று போன வாரம் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள். சிரில் எங்களோடு டிரம்ஸ் வாசித்தவன். எங்கள் பேண்டுக்கு ஷன்டிங் என்று பெயர், அப்பா ரயில்வேயில் இருந்ததால் நான் வைத்த பெயர். சிரில் அதற்குப் பிறகு செமினரிக்குப் போய் ஃபாதர் சிரில் ஆகிவிட்டான், இப்போது ஒரு ஸ்கூலுக்கு ஹெட்மாஸ்டர், இன்னமும் மேஜைமேல் விரலால் தட்டிக்கொண்டேதான் பேசுவான். செக் பண்ணிவிட்டேன், பெட்டி அருமையாக இருக்கிறது, துணியை மட்டும் துடைத்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். நாளைக்கு ஒரு பதிவுக்கு வைத்துக்கொள்ளலாம், செவ்வாய்க்கிழமை சிரிலுக்கு அனுப்பலாமா என்று அவள் வந்ததும் கேட்கலாம் என்று ஆசைப்பட்டது நான்தானே.

இந்தச் சத்தத்தை நான் ஏற்கனவே கேட்டிருக்கிறேன். கேட்டவுடனே தெரிந்துவிட்டது, தெரியாத மாதிரி அரைமணி நேரமாக ட்ரெபிளைத் திருகிக்கொண்டிருக்கிறேன். தொண்ணூற்றொன்பதாம் வருஷம் மே மாதம், கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோ, எங்கள் முதல் கேசட், கடைசிக் கேசட்டும் அதுதான். பெர்னாவுக்கு இருபத்தொன்று. லீட் கிடார் அவள். எனக்கும் வாசிக்கத் தெரியும், ஆனால் அவள் வாசித்தால் நான் பக்கத்தில் உட்கார்ந்து ரிதம் வாசிப்பேன், அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை, இருந்ததில்லை என்றுதான் நினைக்கிறேன், இருந்ததா, கொஞ்சம் இருந்திருக்கும். ஐஸ்ஹவுஸிலிருந்து அம்பத்தூர் வரைக்கும் எங்கே வாசித்தாலும் முதலில் அவளைத்தான் கேட்பார்கள், அந்தப் பொண்ணு யாரு என்று. ஸ்டுடியோவில் இரண்டு பெட்டியையும் சேர்த்துவிடலாம், சத்தம் பெரிதாக இருக்கும் என்பது என் யோசனை, அதுவரைக்கும் சேர்த்ததே இல்லை. பிரித்துக் கொடுக்கிற பெட்டியைக்கூட நானே செய்து எடுத்துப்போனேன். அவள் வாசித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இன்ஜினியர் மூஞ்சியைச் சுளித்தார். மறுபடியும் வாசித்தாள். நான் எழுந்து போய்த் திருகினேன், இப்போது திருகுகிற மாதிரியே, ட்ரெபிள், மிட், பாஸ், மறுபடியும் ட்ரெபிள். சிரில் டிரம்ஸுக்குப் பின்னால் குச்சியை வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டான். அவள் மட்டும் நிறுத்தவே இல்லை, ஒவ்வொரு தடவையும் இன்னும் அழுத்தி, இன்னும் அழுத்தி, கடைசியில் கட்டை விரல் ஓரம் கிழிந்து தந்தியை மீட்டுகிற பிக்கில் ரத்தம் இருந்தது. இன்ஜினியர் மைக்கில் "கிளமெண்ட், என்னப்பா பிரச்சினை, எனக்கு இன்னிக்கே முடிக்கணும்" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சத்தத்தைப் பற்றித் தெரிந்தவன் நான்தான், ஏதாவது ஒரு பதில் சொல்லியாக வேண்டும். நான் பதில் சொன்னேன். "பொட்டில ஒண்ணும் இல்ல சார். கைதான். பொம்பளப் புள்ள கைல, கனம் வரல."

அதைச் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை, ஏதோ வானிலை சொல்கிற மாதிரிச் சொன்னேன். பெர்னா என்னைப் பார்க்கவில்லை, தன் வலது கையைப் பார்த்தாள், அப்புறம் ஸ்ட்ராப்பைத் தலைக்குமேல் கழற்றிக் கிடாரை என்னிடம் நீட்டினாள். நேரம் இல்லை, சிக்கலே வேண்டாம் என்று அவளுடைய பெட்டியிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிட்டு, என் பெட்டியை மட்டும் வைத்து நான் வாசித்தேன். முழுசாக வந்தது. இன்ஜினியர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அன்றைக்கு நான் இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினேன், ஆளையும் மாற்றினேன், பெட்டியையும் குறைத்தேன், சத்தம் சரியானதும் ஆளால்தான் சரியாயிற்று என்று முடிவு கட்டினேன். என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்கிறேன், ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றிப் பார்க்கணும், இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்று சாகிற வரைக்கும் தெரியாது என்று. எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். அன்றைக்கு ஒருத்தர்கூடக் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. கேசட் வந்தது, நூறு பேர் வாங்கியிருப்பார்கள், பேண்டு கலைந்தது. பெர்னா ஃபார்மசி முடித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணம் ஆனது. யாராவது கிடார் பற்றிக் கேட்டால் சிரித்துக்கொண்டே, "எங்க அண்ணன் அப்பவே சொல்லிட்டான், எனக்குக் கை இல்லன்னு" என்பாள். கிறிஸ்துமஸுக்கு, ஞானஸ்நான விருந்துக்கு, என் கல்யாணத்துக்கே சொல்லியிருக்கிறாள். ஜோக் என்றுதான் எல்லாரும் சிரிப்போம், நானும் சிரித்திருக்கிறேன். எத்தனை தடவை சிரித்தேன் என்று இப்போது நினைக்கப் பிடிக்கவில்லை.

இப்போது வாசிக்கிறவன் யார். என் கைதானே இது. கனம் உள்ள கை, ஆம்பளைக் கை, கேசட்டில் இருக்கிற கை, அதே கை அதே இரண்டு பெட்டியில் வாசிக்கிறது, அதே கொசு கத்துகிறது. அப்படியென்றால் கை இல்லை. அழுத்திப் பார்க்கிறேன், அவள் அழுத்தின மாதிரியே, அழுத்த அழுத்த இன்னும் சன்னமாகிறது. வயதாகிவிட்டது, என் கையும் போய்விட்டது என்று சொல்லிப் பார்க்கலாமா, சொல்லலாம், அவளுடைய பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு என்னுடையதில் மட்டும் வாசித்தால் அந்த ஆறுதலும் போய்விடும், பிடுங்கினேன், முழுசாக வந்தது, போய்விட்டது. என்னுடையதைப் பிடுங்கிவிட்டு அவளுடையதில் மட்டும், அதுவும் முழுசு. இரண்டும், கொசு. ஒரு ஆள் உள்ளே தள்ளும்போது இன்னொரு ஆள் அதே கதவை வெளியே தள்ளினால் கதவு அசையாது, இரண்டு பேரும் பலசாலிகளாக இருந்தால் இன்னும் அசையாது. ஸ்பீக்கரின் இரண்டு ஒயரை மாற்றிப் போட்டால் அப்படித்தான் ஆகும். ஒரு பெட்டியின் ஸ்பீக்கர் பேப்பர் முன்னால் வரும்போது இன்னொன்று பின்னால் போகும், காற்று இரண்டுக்கும் நடுவே ஒன்றும் செய்யாமல் நிற்கும். தனியாகப் போட்டால் ஒரு வித்தியாசமும் தெரியாது, அதுதான் இதில் உள்ள மோசம், தனியாக இருக்கிற வரைக்கும் தப்பானதும் சரியாகவே இருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா, தெரியும், மற்றவர்கள் பெட்டியில் பத்து தடவை கண்டுபிடித்திருக்கிறேன். என் பெட்டியை நான் சந்தேகப்பட்டதில்லை.

இதற்கு ஒரு சோதனை உண்டு, சின்னக் குழந்தைகூடச் செய்யலாம், ஒன்பது வோல்ட் பேட்டரி போதும். டிராயரில் இருக்கிறது. எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. எலக்ட்ரிக் ட்ரெயின் போகிறது, அது போய் முடியட்டும். ஒருவேளை அவளுடைய பெட்டியில் மாறியிருக்கலாம், வெளிநாட்டிலிருந்து வந்தபடியே அப்படி இருக்கலாம், அப்படி இருந்தால் யார்மேலும் தப்பு இல்லை, மாதாவே அப்படி இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டே எழுந்தேன், இந்த வயதில் ஒரு பேட்டரிக்காக ஜெபம் செய்கிறேன். இரண்டையும் அணைத்தேன். வால்வு ஆறட்டும் என்று உட்கார்ந்தேன், ஆறவேண்டியதைவிட அதிகமாகவே உட்கார்ந்தேன். முதலில் அவளுடையது. பின்பக்கம் கையை விட்டு, ஸ்பீக்கர் ஒயரை ஆம்பிலிருந்து கழற்றி, ஒரு விரலைப் பேப்பரின் முதுகில் மெல்ல வைத்துக்கொண்டு, பேட்டரியின் ப்ளஸ்ஸைச் சிவப்பு ஒயரிலும் மைனஸைக் கறுப்பிலும் தொட்டேன். டப் என்று ஒரு சத்தம், பேப்பர் விரலை விட்டு முன்னால் விலகிப் போயிற்று. அப்படித்தான் போகணும், சரி. அப்புறம் என்னுடையது. அதே விரல், அதே சிவப்பு, தொட்டேன். பேப்பர் பின்னால் வந்து என் விரலைத் தொட்டது. மறுபடியும் தொட்டேன், மறுபடியும் வந்து தொட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன். சிவப்பு ஒயர் போகவேண்டிய முனையில் கறுப்பு இருந்தது. ஈயத்தைப் பட்டாணி அளவுக்கு உருட்டி வைத்திருந்தது, என் கைதான் அப்படி உருட்டும், இன்றைக்கும் அப்படித்தான் உருட்டுகிறேன். ஸ்டுடியோவுக்கு முந்தின வாரம் என் ஸ்பீக்கர் கிழிந்துபோய் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வேறு வாங்கி, சமையலறை மேடையில் வைத்து நானே பற்றவைத்தேன், பெர்னா பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தாள், "அண்ணா, எது எங்கன்னு பாத்துட்டியா" என்று கேட்டாள், "எனக்கே சொல்றியா" என்றேன்.

மணி நாலு பத்து. இரண்டு முனையை மாற்றிப் பற்றவைக்க எனக்கு மூன்று நிமிஷம் போதும். சால்டரிங் அயர்னைச் செருகினேன். மாற்றிவிட்டால் முடிந்தது, ஈயத்தில் தேதி எழுதியிருக்காது, அவள் வந்து பெட்டியையும் கிடாரையும் எடுத்துக்கொண்டு போவாள், காலேஜ் பேண்டுக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளலாம், ஸ்கூல் பிள்ளைகள் அவளுடைய கிடாரைக் கீறித் தள்ளட்டும், அடுத்த கிறிஸ்துமஸுக்கும் அவள் அந்த ஜோக்கைச் சொல்லட்டும். நான் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும். இருபத்துநாலு வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பது, இவ்வளவு நாள் கழித்துச் சொல்வது என் பாரத்தை இறக்கி அவள் தலையில் வைப்பதுதானே, அவள் நிம்மதியாக இருக்கிறாள், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள், எண்ணிக் கொடுக்கிறாள், எல்லாம் மறந்திருப்பாள். மறந்தவள் பெட்டியையும் கிடாரையும் இருபத்துநாலு வருஷம் பரணில் வைத்திருப்பாளா, மழைக்கு நனையாமல் பாலிதீன் சுற்றி, வருஷத்துக்கு ஒருமுறை தந்தியைத் தளர்த்தி. நான் கோழை, அதுதான் விஷயம், மற்றதெல்லாம் அலங்காரம். அயர்ன் சூடேறிப் புகை வர ஆரம்பித்தது. கையில் எடுத்தேன். கீழே ஸ்கூட்டர் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது, அப்புறம் மாடிப்படியில் அவளுடைய செருப்பு.

"என்னண்ணா, சால்டர் வாசன அடிக்குது? பொட்டி போச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள், ஹேண்ட்பேகைக் கதவில் மாட்டினாள், ஃபேனைப் போட்டாள்.

"பொட்டி நல்லாருக்கு. ஒக்காரு பெர்னா."

"ஒக்கார நேரமில்ல. ஃபாதர் ஆறு மணிக்கு ஆள் அனுப்பறேன்னாரு."

"ஒக்காரும்மா. ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொல்லவேண்டும் என்று நினைத்தும், ஒயரிலிருந்து ஆரம்பித்துப் பேட்டரிக்கு வந்து, ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய், கோடம்பாக்கத்துக்கு வந்தேன். பேட்டரியைத் தொட்டுக் காட்டினேன். அவள் விரலை வாங்கிப் பேப்பரின் முதுகில் வைத்து மறுபடியும் தொட்டேன். அவள் விரலை எடுத்துக்கொண்டாள்.

"அப்ப என் கையில ஒண்ணும் இல்லியா?"

"இல்ல."

"அன்னிக்கே இல்லியா?"

"அன்னிக்கே இல்ல. நான் போட்ட ஒயரு."

நான் அயர்னை எடுத்தேன், ஏதாவது செய்தால் தேவலை போல இருந்தது. "மாத்திடறேன், மூணு நிமிஷம்."

"மாத்தாத" என்றாள். "அப்படியே ஆன் பண்ணு. கிடாரக் குடு."

கொடுத்தேன். ஸ்பீக்கர் ஒயர்களைப் பழையபடியே ஆம்பில் செருகி இரண்டையும் போட்டேன், வால்வு சூடாகும் வரைக்கும் இரண்டு பேரும் முட்டை அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் வாசித்தாள். விரல் நுனியெல்லாம் மெத்தென்று ஆகிவிட்டது, ஒரு தந்தி சரியாக அமுங்காமல் இரைந்தது. கொசு கத்தியது. மறுபடியும் அதையே வாசித்தாள், அழுத்தினாள், இன்னும் அழுத்தினாள். ஸ்டுடியோவில் வாசித்த அதே இடம்தான். நான் நிறுத்து என்று சொல்ல வாய் எடுத்தேன், சொல்லவில்லை, சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது. அவளே தந்திமேல் கையை வைத்து நிறுத்தினாள்.

"இவ்ளோ வருஷமா இதைத்தான் நான்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை. "இப்ப மாத்து" என்றாள்.

அணைத்து, கழற்றி, முனைகளைச் சூடு பண்ணி, சிவப்பை எடுத்து அதன் இடத்தில் வைத்தேன், எது எங்கே என்று திரும்பத் திரும்பப் பார்த்ததில் மூன்று நிமிஷ வேலைக்குப் பத்து நிமிஷம் ஆனது. அவள் உதவிக்கு வரவில்லை. போட்டேன். எல்லாத் தந்தியையும் சேர்த்து ஒரே ஒரு கார்டு வாசித்தாள், அழுத்தாமல், சும்மா கையைத் தொங்கவிட்ட மாதிரி. தரை வழியாகக் காலுக்கு வந்தது, காலிலிருந்து நெஞ்சுக்கு வந்தது, தொண்டையும் இருந்தது. தானாக அடங்கும் வரைக்கும் விட்டாள், ரொம்ப நேரம் அடங்கவில்லை.

"நல்லாருக்குல்ல" என்றேன், முட்டாள் மாதிரி.

"என்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாம்ணா. முடியாதுன்னு நெனச்சிட்டு இருந்தா ஒரு தொல்லையும் இல்ல. இனிமே நான் என்ன பண்ணுவேன்?" குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். முதல் தடவையாக, இல்லாத பதிலைச் சொல்லாமல் இருந்தேன். அவள் ஸ்ட்ராப்பைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டாள். "ஃபாதருக்கு ஃபோன் போடு. பொட்டி வராதுன்னு சொல்லு."

"சரி. வீட்ல ஏதோ—"

"ஏதோன்னு சொல்லாத. ஏன்னு கேப்பாரு. அன்னிக்கு அவரும் அங்கதான இருந்தாரு, நீ சொன்னத அவரும் கேட்டாரு. ஏன்னும் நீயே சொல்லு. சத்தமா வை, நானும் கேக்கணும்."

நம்பரைத் தேடிப் போட்டேன். மூன்று தடவை மணி அடித்தது. "டேய் கிளமெண்ட்" என்றான் சிரில், பின்னால் மேஜைமேல் விரல் தட்டுகிற சத்தம் கேட்டது, "என்னடா, பொட்டி ரெடியா?"

"இல்ல ஃபாதர்" என்றேன். வழக்கமாக அவனை நான் ஃபாதர் என்று கூப்பிடுவதில்லை. தட்டுகிற சத்தம் நின்றது. பெர்னா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கோடம்பாக்கத்துல அன்னிக்கு பெர்னா நல்லாத்தான் வாசிச்சா. தப்பு என்னுது."